நூல் இல்லாத கை

"இந்தா பாவா, ஒன் நூலு. இனிமே எனக்கு வேணாம்."

கைப்பையிலிருந்து சிவப்பு நூல் சுற்றிய தார்க்குச்சியை எடுத்துத் தறியோரம் வைத்தாள் மணியம்மை. குழித்தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த கோதண்டபாணி மிதியை நிறுத்தவில்லை. நாடா அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்குத் திரும்பியது.

"இன்னா நூலு?"

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போனது."

"போன வாரம்தான கேட்டு வாங்கிகினு போன. தாரு அப்டியே கீது."

"இருக்கட்டும். லுங்கியில ஓட்டிடு."

அப்போதுதான் அவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். தறி நின்றதும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டில் இருப்பதே அதிசயம். வெள்ளைச் சேலையை மாற்றவில்லை, கொண்டையில் குத்திய தொப்பியைக் கூட எடுக்கவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கிருத்திகை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. முருகன் கோயில் மலையிலிருந்து இறங்கிய கூட்டம் ரயிலேறியும் பஸ் ஏறியும் போய்விட்டது. காவடியிலிருந்து உதிர்ந்த பூவும் கரும்புச் சக்கையும்தான் மிச்சம். ஆடிக் காற்று அவற்றை வாரிக்கொண்டு வந்து தெருவில் கொட்டியது. தறியில் ஏற்றிய பாவு நூலில் தூசி படியக் கூடாதென்று கோதண்டபாணி ஜன்னலில் கோணியைக் கட்டிவிட்டிருந்தான். உள்ளே ஒரே புழுக்கம்.

"யாரு இன்னா சொன்னாங்க ஒன்ன?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா கீது."

கோதண்டபாணி அவளுக்கு அத்தை மகன். பாவாடை கட்டிய நாளிலிருந்தே பாவாதான், நீதான். அவள் நர்ஸு படிக்கக் கிளம்பியபோது, "நான் நாடாவக் குத்தறேன், நீ ஊசியக் குத்து" என்று சொல்லிவிட்டு மூன்று வருஷம் கல்யாணத்துக்குக் காத்திருந்தவன். அவனிடம் ஒளிக்க அவளுக்குத் தெரியாது. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்து பள்ளிப்பட்டு பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பள வந்தா. பூவம்மான்னு பேரு. கூலி வேலைக்குப் போறவ. காவடி எடுத்துகினு வெறுங்காலோட மலைக்கு நடந்துகீறா. குதிகாலு வெடிச்சு, சீழு கோத்துகிச்சு. பத்மா ஊசி போட்டா."

"அந்தப் புதுசா வந்த நர்ஸுப் பொண்ணா?"

"ஆங். பென்சிலின். போட்டு அஞ்சு நிமிசம் இல்ல. ஒதடு வீங்கிச்சு, மூச்சு இழுக்குது, கண்ணு சொருவுது. நான் பக்கத்து ரூம்ல கட்டு மாத்திகினு இருந்தேன். ஓடிப்போயி மாத்து ஊசி போட்டேன். டாக்டரும் ஓடியாந்தாரு. பொழச்சிட்டா. இன்னும் பேச்சு சரியா வரல."

"அந்த ஊசி ஆவாதவங்க கையிலதான ஒன் நூலு இருக்கும்?"

"சித்திரையில நான்தான் கட்னேன் அவளுக்கு. நேத்து கையில இல்ல."

கோதண்டபாணி அந்தத் தாரை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தான்.

நூல் வந்த கதை இதுதான். பென்சிலின் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்து இல்லை. அதனால் முதலில் ஒரு துளியை முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். வட்டத்துக்குள் தடித்தால் அந்த ஊசி கிடையாது. படிப்பில் சொல்லிக் கொடுத்தது இது. தடித்தவர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அடுத்த தடவை அந்தச் சீட்டு வருமா? வெற்றிலையோடு மடியில் இருந்து கரைந்து போயிருக்கும். இல்லையென்றால் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணியம்மை புருஷனிடம் சாயம் போகாத சிவப்பு நூல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஆகாதவர்கள் கையில் மூன்று சுற்றுச் சுற்றி நெசவாளர் முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். இந்தக் கை வந்தால் அந்த ஊசி வேண்டாம்.

டாக்டர் மெச்சினார். ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் வரதராஜன் மெட்ராஸிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், "எங்க நூலு மானத்தயும் காப்பாத்தும், உசுரயும் காப்பாத்தும்" என்று சொல்லிச் சிரிப்பார். நூல் வியாபாரிகள் சேர்ந்து நெசவாளருக்காக ஆரம்பித்த தர்ம ஆஸ்பத்திரி அது. இருபது கட்டில், ஒரு டாக்டர், மூன்று நர்ஸு. காலையில் நூறு பேர் வந்து நிற்பார்கள்.

நாளாக ஆக இன்னொன்றும் நடந்தது. நூல் இருந்தால் போடாதே என்றிருந்தது, நூல் இல்லாவிட்டால் போடு என்று ஆயிற்று. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. கூட்டம் கத்தும், டாக்டர் அவசரப்படுவார். முன்னாலேயே வந்தவரா, கையில் நூல் இல்லையா, அப்படியானால் வட்டமும் வேண்டாம், அரை மணி நேரமும் வேண்டாம். மணியம்மையே அப்படி எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். ஆறு மாசத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த பத்மா அதைப் பார்த்துத்தான் பழகினாள்.

"கமிட்டி இன்னா சொல்லுது?" என்று கேட்டான் கோதண்டபாணி.

"நாளைக்குப் பத்து மணிக்கு கூடறாங்க. பத்மாவ நிறுத்திட்டு, கவுன்சிலுக்கு எழுதி நர்ஸுப் பதிவயே எடுக்கச் சொல்லுவாங்களாம். அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு எங்கயும் ஊசியத் தொட முடியாது. 'சோதன ஊசி போடல, அவ தப்பு. நூலப் பத்தி யாரும் பேச வேணாம்'னு வரதராஜ நைனா கூப்ட்டு சொன்னாரு."

"ஒன்ன?"

"பெரிய நர்ஸு, மேட்ரன்னு போர்டு எழுதி மாட்டலாம்னாரு."

"வாயத் தொறந்தா?"

மணியம்மை தறியில் சுற்றியிருந்த பாவு நூலைப் பார்த்தாள். அது வரதராஜன் கடைப் பாவு. கோதண்டபாணிக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவில் பாதித் தறிகளுக்கு அவர்தான் பாவு கொடுக்கிறவர். அவள் பார்வை போன இடத்துக்கு அவன் பார்வையும் போயிற்று.

"இது இன்னும் ரெண்டு நாளு ஓடும்" என்றான். பிறகு எழுந்து, "களி ஆறிகினு கீது. மொதல்ல துன்னு. புளிச்சகீர கடைஞ்சி வெச்சிகிறேன். உப்பு கம்மி, திட்டாத" என்றான்.

---

தபாலாபீசிலிருந்து அரக்கோணத்து ரயில்வே ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட்டிருந்தாள் மணியம்மை. நாலு மணி பாசஞ்சரில் ஞானம்மாள் வந்து இறங்கினாள். படிப்பில் இரண்டு வருஷம் மூத்தவள். இப்போது நர்ஸுகள் சங்கத்தின் கிளைச் செயலாளர். கக்கத்தில் குடை, கையில் பை, வாயில் வேர்க்கடலை.

"பத்து வருசமா எத்தன தபா கூப்ட்டேன் ஒன்ன? சங்கத்துல சேருடின்னா, 'எங்க ஆஸ்பத்திரி குடும்பம் மாதிரிக்கா, அதுக்கு எதுக்கு சங்கம்'னு சொன்ன. இப்ப குடும்பம் எங்க போச்சு?"

"அக்கா, உள்ள வந்து உக்காந்து திட்டு."

"உக்காருவேன். மெம்பர் இல்லாதவங்களுக்கு சங்கம் பேசாது, சட்டம் அது. ஆனா நான் டிக்கெட்டு எடுத்துட்டேன், இன்னா பண்றது." கோதண்டபாணியைப் பார்த்து, "பாணி, தறிய நிறுத்தாத. சத்தம் இருந்தாதான் எனக்கு எழுத வரும்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பத்மா நின்றிருந்தாள். ஸ்டேஷனில் இருந்தே ஞானம்மாள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வார்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நேற்றிலிருந்து தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். இருபத்திரண்டு வயசு. கண் வீங்கியிருந்தது.

"ஊருக்கு சொல்லி அனுப்பினியா?" என்று மணியம்மை கேட்டாள்.

"இல்ல சிஸ்டர். இன்னான்னு சொல்றது? எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிகீறாரு, எம் பொண்ணு வெள்ள சேல கட்ன நர்ஸுன்னு."

ஞானம்மாள் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். "சொல்லு மணி. கமிட்டி முன்னாடி வாயால பேசினா காத்துல போயிடும். எழுத்துதான் நிக்கும். நீ சொல்லு, நான் எழுதறேன்."

மணியம்மை தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "நடந்ததுக்கு முழுக்க முழுக்க நானே பொறுப்பு. பத்மா மேல எந்தத் தப்பும் இல்ல. நான் சொன்னதத்தான் அவ செஞ்சா."

ஞானம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுதுக்கா."

"எழுத மாட்டேன். பொய் அது."

"பொய்யா? நான்தான நூலக் கட்னேன்?"

"நீ நூல் கட்ன. ஊசி புடிச்ச கை யாரு கை? இவ இன்னா கொழந்தையா, கொடுத்தத கொண்டு போயி கொடுக்க? பரீட்ச எழுதி, பதிவு வாங்கி வந்த நர்ஸு. இவளுக்கும் தெரியும் சோதன ஊசி போடணும்னு. போடல. அத மறச்சி எழுதினா நாளைக்கு அந்த வரதராஜன் ஒரே கேள்வியில கிழிச்சிடுவாரு. பாவமன்னிப்பு கேக்கணும்னா மலை மேல கோயில் கீது, போயி கேளு. இங்க நடந்தத எழுதணும்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. பத்மாதான் முதலில் பேசினாள்.

"அக்கா சொல்றது சரி சிஸ்டர். 'முன்னாடி இங்க ஊசி போட்டுகினியா'ன்னு அந்தம்மாவ கேட்டேன். 'ஆங், சித்திரையில வந்தேன்'னு சொன்னாங்க. கையப் பாத்தேன், நூல் இல்ல. வெளிய எண்பது பேரு. போட்டுட்டேன். மருந்த ஊசியில இழுக்கும்போதே, சோதன போடலையேன்னு மனசுல ஒரு தபா வந்துச்சு. வந்துச்சு சிஸ்டர். தள்ளிட்டேன்."

"அத எழுதவா?" என்றாள் ஞானம்மாள்.

"எழுதுங்கக்கா."

"வேல போனாலும்?"

"அந்தம்மா ஒதடு வீங்கினது இன்னும் கண்ணுல கீது. அத வெச்சிகினு பொய்யில வேல பாக்க முடியாதுக்கா."

ஞானம்மாள் எழுதத் தொடங்கினாள். இது பத்மா செய்தது, இது மணியம்மை ஆரம்பித்தது, இது எல்லாரும் பார்த்தும் பாராமல் விட்டது என்று தனித்தனியாக எழுதினாள். நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

"நூல் எப்டி கையிலேர்ந்து போச்சு? அறுந்துச்சா?"

"என் முடிச்சு அறுவாதுக்கா. பாவா கத்துக் கொடுத்த முடிச்சு."

"அப்ப?"

"தெரியல. அந்தம்மாவுக்குப் பேச்சு வந்தாதான் தெரியும்."

தறிக்குழியிலிருந்து கோதண்டபாணி குரல் கொடுத்தான். "ஒண்ணு சொல்லவா? பாவுல இழை அறுந்தா, மேலேர்ந்து பாத்தா தெரியாது. எல்லாம் ஒண்ணா ஓடிகினு இருக்கிற மாதிரிதான் இருக்கும். வெரல வெச்சு ஒவ்வொண்ணா தடவினாதான் தெரியும். நீங்க தடவறத வுட்டுட்டீங்க. அவ்ளோதான்."

"இதப் பாரு" என்றாள் ஞானம்மாள். "பாணிய சங்கத்துல சேத்துக்கலாம் போலகீது."

---

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மணியம்மை வார்டுக்குப் போனாள். மூன்றாவது கட்டிலில் பூவம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்து வீக்கம் வடிந்துவிட்டது. ஈயப் போணியிலிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். மணியம்மையைப் பார்த்ததும் போணியைக் கீழே வைத்தாள்.

"வா நர்ஸம்மா. செத்தவள இட்டுகினு வந்துட்டயே."

"தொண்ட எப்டி கீது?"

"கூழு எறங்குது. வேற இன்னா வேணும்?"

மணியம்மை அவள் இடது கையைத் தன் கையில் எடுத்தாள். வெயிலில் கறுத்த கை. மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு வெளுத்த கோடு இருந்தது, நூல் இருந்த இடம்.

"பூவம்மா, இதுல நான் செவப்பு நூல் கட்டியிருந்தேனே, இன்னாச்சு?"

பூவம்மாள் முகம் மலர்ந்தது. "அத்த பத்திரமா சேத்துட்டேன்."

"எங்க சேத்த?"

"முருகங்கிட்டத்தான். கிருத்திகைக்குக் காப்பு கட்டிகினேன் இல்ல, அது மஞ்சக் கயிறு. அதுகூட ஒன் நூலும் இருந்துச்சு. சித்திரையில நீ நூல கட்டி 'கழட்டாத, இதான் ஒன்ன காப்பாத்தும்'னு சொன்ன. அப்பலேர்ந்து எனுக்கு ஒரு சொரம் இல்ல, ஒரு தலவலி இல்ல. கள பறிச்சேன், கல்லு சொமந்தேன், ஒண்ணும் ஆவல. காவடி எறக்கினதும் காப்ப அவுத்து சரவணப் பொய்கையில வுடுறாங்க. நானும் மஞ்சக் கயித்த அவுத்தேன். ஒன் நூலு அவுக்க வரல, இறுகிகினு கெடந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு பல்லால கடிச்சி அறுத்தாரு. 'சாமி, இத்தினி நாளு காப்பாத்துன, ஒன் பொருள ஒங்கிட்டயே குடுத்துட்டேன்'னு சொல்லி தண்ணியில வுட்டேன்."

மணியம்மை அந்த வெளுத்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தப்பா நர்ஸம்மா?"

"ஒன் தப்பு இல்ல. நான் எதுக்குக் கட்னேன்னு தெரியுமா ஒனக்கு?"

"காப்பாத்த."

"எதுலேர்ந்து?"

பூவம்மாள் யோசித்தாள். "எல்லாத்துலேர்ந்தும்தான்" என்றாள்.

அதுதான். ஒரு ஊசி உனக்கு ஆகாது, அதற்கு இன்ன பேர், யார் கேட்டாலும் சொல் என்று மணியம்மை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்று நினைத்தாளோ, கூட்டம் நின்றதோ. பூசாரி கட்டுகிற மாதிரி கட்டி, பூசாரி சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறாள். அவளும் பூசாரியிடம் வாங்கிய மாதிரியே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"இன்னொண்ணு கட்டி வுடு நர்ஸம்மா" என்று பூவம்மாள் கையை நீட்டினாள். "இந்த தபா அவுக்க மாட்டேன்."

"கட்ட மாட்டேன்."

"கோவமா?"

"கோவம் இல்ல. நான் ஒரு பேரு சொல்றேன், திருப்பிச் சொல்லு. பென்சிலின்."

"பென்சி..."

"பென்சிலின்."

"பென்சிலினு."

"பென்சிலின் எனக்கு ஆகாது. சொல்லு."

"பென்சிலின் எனுக்கு ஆவாது." சொல்லிவிட்டுப் பூவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாமோ எங்க நாத்தனா பேர சொல்ற மாதிரி கீது."

"அப்டியே வெச்சிக்க. நாத்தனார மறப்பியா?"

"செத்தாலும் மறக்க மாட்டேன்."

மணியம்மை அதை இருபது தடவை சொல்ல வைத்தாள். பிறகு கையிலிருந்த காகிதத்தைத் தொடைமேல் வைத்து, ஞானம்மாளின் எழுத்துக்குக் கீழே, பூவம்மாளிடம் தெரிந்துகொண்டதையும் அதற்கும் கீழே இன்னும் நாலு வரியையும் தன் எழுத்தில் சேர்த்தாள்.

---

கமிட்டி டாக்டர் அறையில் கூடியது. வரதராஜனோடு இன்னும் நாலு நூல் வியாபாரிகள். ஞானம்மாளை உள்ளே விடவில்லை. வெளியாள் என்றார்கள். அவள் ஜன்னலுக்கு நேரே போட்டிருந்த பெஞ்சில் குடையை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். உள்ளே யார் தலை நிமிர்ந்தாலும் அவள் முகம் தெரிந்தது. வேர்க்கடலையை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?" என்றார் வரதராஜன்.

"சங்கத்துக்காரங்க நைனா" என்றாள் மணியம்மை. ஊரில் எல்லாருக்கும் அவர் நைனாதான்.

"நம்ம வூட்டு விஷயத்துக்கு ஏம்மா சங்கம்? நீ நம்ம வூட்டுப் பொண்ணு. ஒனக்கு எதனா குறை வெச்சமா?"

"குறை இல்ல நைனா. அறிக்க எழுதிகீறோம். படிக்கவா?"

"எதுக்கு அறிக்க? எல்லாம் தெரிஞ்சதுதான. அந்தப் பொண்ணு சோதன போடல."

"போடல" என்றாள் பத்மா. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்தவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "போடணும்னு தெரிஞ்சும் போடல. அது அறிக்கையில மொதல் வரியிலயே கீதுங்க."

வரதராஜன் படி என்று கையைக் காட்டினார். மணியம்மை படித்தாள். குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

நூல் கட்டும் பழக்கத்தை எந்த உத்தரவும் இல்லாமல் தான் தொடங்கியது. நூல் இல்லாத கைக்குச் சோதனை வேண்டாம் என்ற பழக்கம் தன் கண் முன்னாலேயே வளர்ந்தது. தானும் அப்படியே ஊசி போட்டது. மருந்தின் பெயரை நோயாளிக்குச் சொல்லாமல் விட்டது. நோயாளி அந்த நூலைக் காப்பாக எண்ணிச் சரவணப் பொய்கையில் செலுத்தியது. கடைசியில் மணியம்மை சேர்த்த நாலு வரி: "இனி யாருக்கும் நூல் கட்ட மாட்டேன். முதல் தடவை வந்தாலும் பத்தாம் தடவை வந்தாலும் சோதனை ஊசி போடாமல், அரை மணி நேரம் காத்திருக்க வைக்காமல், நான் பென்சிலின் போட மாட்டேன். யார் அவசரப்படுத்தினாலும் போட மாட்டேன். பத்மாவை மட்டும் நீக்குவதானால் அதே காரணத்துக்காக என்னையும் நீக்க வேண்டும்."

மணியம்மை படித்து முடித்துக் காகிதத்தை மடித்தாள்.

"கூட்டத்த பாத்தியாம்மா நீ?" என்றார் ஒரு வியாபாரி. "ஆளுக்கு அர மணி நேரம்னா பெஞ்சி பத்தாது."

"பெஞ்சி வாங்குங்க."

"பேப்பர்ல வந்தா தர்ம ஆஸ்பத்திரி பேரு இன்னா ஆவறது?" என்றார் வரதராஜன். "எல்லார்கிட்டயும் இந்த நூலப் பத்தி நான்தான பெருமையா சொல்லிகினு கீறேன்."

"நானும் பெருமைப்பட்டேன் நைனா. அதனாலதான் யாரும் பெரட்டிப் பாக்கல."

டாக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுக்காரர். கும்பகோணத்துப் பக்கம். கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார்.

"இதுல என் பேரு இல்லையே சிஸ்டர்."

"நீங்க ஊசி போடல டாக்டர்."

"சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினது நான்தானே" என்று சொல்லிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. மூன்று பேரையும் ஒரே நாளில் அனுப்பினால் ஆஸ்பத்திரியைப் பூட்ட வேண்டியதுதான் என்பது நூல் வியாபாரிகளுக்குப் புரியாததா? பத்மாவுக்கும் மணியம்மைக்கும் எச்சரிக்கைக் கடிதம். கவுன்சிலுக்கு, நடந்தது நடந்தபடி, அறிக்கையின் நகல். மேட்ரன் போர்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எழுந்து போகும்போது வரதராஜன் மணியம்மையைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

"ஒன் வூட்டுக்காரனுக்குப் பாவு தீந்துபோச்சா?"

"இன்னிக்கு சாயங்காலம் தீரும் நைனா."

"ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே ஞானம்மாள் கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள். பையிலிருந்து இரண்டு பாரங்களை எடுத்து நீட்டினாள். "மெம்பர் இல்லாதவங்களுக்காக ஒரு நாளு லீவு போட்டேன்னு எங்க சங்கத்துல தெரிஞ்சா என் தோல உரிச்சிடுவாங்க. கையெழுத்த போடுங்கடி."

பத்மா முதலில் போட்டாள்.

---

வரதராஜன் கடையிலிருந்து அந்த வாரம் பாவு வரவில்லை. "ஸ்டாக்கு இல்ல" என்றார் கணக்குப்பிள்ளை. அடுத்த வீட்டுக்கு மட்டும் எப்படி ஸ்டாக்கு வந்தது என்று கோதண்டபாணி கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிப்பட்டு பஸ் ஏறினான். அங்கே நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் பேர் எழுதிக்கொடுத்துக் காத்திருந்து, புதன்கிழமை பாவை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான்.

"நாலு நாளு தறி சும்மா கெடந்துச்சே பாவா" என்றாள் மணியம்மை.

"எனக்கும் இடுப்பு வலி. நல்லதா போச்சு." இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தவன் தலை நிமிராமலே சொன்னான். "பள்ளிப்பட்டு பஸ்ஸுல ஒரு பொம்பள பக்கத்துல உக்காந்துகினு, 'பென்சிலின் எனுக்கு ஆவாது, பென்சிலின் எனுக்கு ஆவாது'ன்னு முணுமுணுத்துகினே வந்தா. யாரு புருசன்னு நான் சொல்லிக்கல. சொன்னா கால்ல வுழுந்திருப்பா."

ஆவணி பிறந்து இரண்டாம் வாரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் புதுசாக ஒரு பெஞ்சு வந்திருந்தது. டாக்டர் வாங்கிப் போட்டதென்றும் கமிட்டி வாங்கிப் போட்டதென்றும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கைக்குக் கீழே பேனா வட்டத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊசி போட வந்தால் இட்லிக் கடைக்குப் போய்விட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகிறது என்று ஊரில் பேச்சு. அதுவரை இரண்டு பேருக்குத் தடித்திருந்தது. அவர்களுக்கு நூல் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் சிவப்பு மசியில் எழுத்து, கையில் சீட்டு, அதோடு அந்தப் பேரை இருபது தடவை சொல்ல வைத்தார்கள். பத்மா அதை ஒரு கண்டிப்போடு செய்தாள். சிரித்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் வரதராஜன் வந்தார். கழுத்துக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டி. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். டாக்டர் சீட்டில் எழுதினார். பத்மா அவர் கையை வாங்கி, ஒரு சொட்டு மருந்தைத் தோலுக்குள் ஏற்றி, சுற்றி வட்டம் போட்டாள்.

"எனக்குமா?" என்றார்.

"ஒங்களுக்கும்தான் நைனா. அர மணி நேரம் பெஞ்சியில உக்காருங்க."

"போன வருசம் போட்டுகினேனே, ஒண்ணும் ஆவல."

"தெரியுமுங்க. உக்காருங்க."

அவர் மணியம்மையைத் தேடினார். அவள் கதவருகே நின்று ஒரு கிழவனின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். மறுபடி கட்டுக்குக் குனிந்தாள். வரதராஜன் பெஞ்சுக்குப் போனார்.

பெஞ்சின் ஓரத்தில், கால் கட்டு மாற்ற வந்த பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. வெள்ளை வேட்டியைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"கட்டியா பெரியவரே?"

"ஆமா."

"எனுக்கு பென்சிலின் ஆவாது" என்றாள். யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் சொல்கிறாள் இப்போது. "ஒனுக்கு?"

வரதராஜன் தன் கையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். "தெரியல. அதான் பாக்குறாங்களாம்."

"அப்ப உக்காரு. அவசரப்படாத. நான் பட்டவ."

கொஞ்ச நேரம் கழித்து, கிழவனின் கட்டை முடித்துவிட்டுக் கை கழுவப் போன மணியம்மையை அவர் கூப்பிட்டார்.

"பாணி எங்க பாவு வாங்குறான் இப்ப?"

"பள்ளிப்பட்டு சொசைட்டியில நைனா."

"தூரமாச்சே."

"தூரந்தான்" என்றாள். "பஸ்ஸு கீது."

அவர் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். அவள் கை கழுவப் போய்விட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் ஆயிருக்கும். வரதராஜன் எழுந்து ஊசி போடும் அறை வாசலில் போய் நின்று கையை நீட்டினார். "பாரும்மா, ஒண்ணும் தடிக்கல. கடையில ஆளு காத்துகினு கீறாங்க. போட்டுடு."

பத்மா வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம் நைனா."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பெஞ்சில் பூவம்மாள் தன் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, அவர் முன்பு இருந்த இடத்தைக் கையால் துடைத்தாள்.

வரதராஜன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.